கவிழ்த்து வைத்த டம்ளர்

காலை எட்டு மணிக்கு ஈட்டுக்கூடத்தின் கதவு திறந்ததும் ஜெசிந்தா தன் வழக்கமான இருக்கைக்குப் போனாள். ஜன்னலோரம், பதினேழாம் எண். மேசையில் கிடந்த விழிமானியை எடுத்துக் காதில் மாட்டினாள். அந்தச் சின்னக் கருவி அவள் புருவத்தருகே வந்து நின்று, வாசிக்கலாம் என்று பச்சையாக மின்னியது. ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி ஒருவர் தன் நாயைப் பற்றி எழுதிய பயணக் கட்டுரை இன்றைக்கு அவள் தலையில் விழுந்தது. முப்பத்தெட்டுப் பக்கம். நாய் கொடைக்கானலுக்குப் போய் வந்திருந்தது.

அவளுக்கு நேரமில்லை. நாலாம் பக்கத்தில் இரண்டு வரியைத் தாண்டிப் பார்த்தாள். விழிமானி காதுமடலில் சுருக்கென்று குத்தியது. திரும்பப் போய் அந்த இரண்டு வரியையும் படித்த பிறகுதான் மேலே போக விட்டது. கடைசிப் பக்கம் முடிந்ததும் வழக்கம்போல் ஒரு கேள்வி வந்தது: நாய் எந்த ஊரில் வாந்தி எடுத்தது? வத்தலக்குண்டு என்று சொன்னாள். கருவி ஏற்றுக்கொண்டது. அவள் எழுதிவரும் 'கரைவீடு' தொடர்கதையின் முப்பத்தெட்டுப் பக்கம் எங்கோ முகம் தெரியாத ஒருவரின் திரையில் போய் நின்றது. அவர் படிப்பதும் படிக்காததும் அவர் பாடு.

சட்டம் அப்படி. இயந்திரங்கள் மணிக்குப் பத்தாயிரம் நாவல் எழுதித் தள்ளிய காலத்தில் மனிதர் எழுதியதைப் படிக்க ஆளில்லாமல் போயிற்று. பிறகு வந்ததுதான் ஈட்டு வாசிப்புச் சட்டம். விளம்பரம் கூடாது. காசு கொடுத்து முன்னால் நிற்கக் கூடாது. தன் எழுத்தை ஒருவர் கண்முன் வைக்க வேண்டுமானால், அதே அளவுக்கு இன்னொரு மனிதர் எழுதியதைத் தன் கண்ணால் படித்திருக்க வேண்டும். நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான், குறை சொல்ல முடியாது. என்ன, எழுதுகிறவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து படித்தார்கள், கடனே என்று.

கூடத்தின் கிழக்குச் சுவரில் வரிசைப் பலகை ஓடிக்கொண்டிருந்தது. இந்த மாதம் தமிழில் அதிகம் பேர் கடைசி வரி வரைக்கும் படித்த எழுத்துகள் அதில் இருந்தன. 'கரைவீடு' பதினோராம் இடத்தில் நின்றது. நேற்றும் அதே இடம், முந்தாநாளும் அதே இடம். இன்று முப்பதாம் தேதி. மாலை ஆறு மணிக்குப் பலகை நின்றுவிடும். அதற்குள் பத்துக்குள் வராவிட்டால் இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீண்.

மற்றவர்களுக்கு அந்தப் பத்து ஒரு பெருமை. பத்துக்குள் வந்தவர் அடுத்த ஒரு வருடம் ஈடு படிக்காமலே எழுத்தை முன்வைக்கலாம் என்று ஒரு சலுகையும் உண்டு. ஜெசிந்தாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வாசகன். அந்த வாசகன் கடலுக்கு அடியில், நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் இருந்தான்.

வில்பிரட் அவள் கணவன். தூத்துக்குடிக் கரையிலிருந்து முந்நூற்று நாற்பது பேரை ஆழிநிறை என்ற நிறுவனம் தன் அடிநிலையத்துக்குக் கூட்டிப் போயிருந்தது. கடலடியில் உலோகக் கட்டி அள்ளும் வேலை. ஒருமுறை இறங்கினால் இரண்டு வருடம் மேலே வர முடியாது. அந்த அழுத்தத்துக்கு உடம்பைப் பழக்கி இறக்கவே பத்து வாரம், ஏற்றவும் பத்து வாரம். கடிதம் எழுதலாம் என்று பெயருக்கு உண்டு. நிறுவனம் எழுதி வைத்திருக்கும் பதினாறு வாக்கியங்களில் ஏதாவது மூன்றைத் தொட்டு அனுப்பலாம். 'வீட்டில் அனைவரும் நலம்.' 'இவ்வருடம் மழை நன்று.' 'உங்களை எண்ணிப் பெருமைப்படுகிறோம்.' ஆழத்தில் இருப்பவன் மனம் கலங்கினால் நிலையத்துக்கே ஆபத்து என்று அதற்கு ஒரு காரணமும் சொன்னார்கள்.

தொழிலாளர்கள் ஒருமுறை வேலையை நிறுத்திப் போராடியதில் ஒரு சலுகை கிடைத்தது. மாதக் கடைசியில் வரிசைப் பலகையின் முதல் பத்து எழுத்துகளும், ஒரு எழுத்துக்கூட மாறாமல், கீழே போக வேண்டும். அதிலும் நிறுவனம் இரண்டு முடிச்சுப் போட்டது. எழுதியவர் பெயர் இருக்காது. அடிநிலையத்தையோ அந்த வேலையையோ அதனால் வரும் நோயையோ பற்றி ஒரு வார்த்தை இருந்தாலும் அந்த எழுத்து போகாது.

நோயைப் பற்றிச் சொல்லத்தான் ஜெசிந்தா துடித்தாள். முதல் தடவை போய்வந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் தடவையும் இருந்துவிட்டு வந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் நடுக்கம். அடுத்த தெரு சேவியர் அண்ணன் சட்டைப் பொத்தானைத் தானாகப் போட முடியாமல் நிற்பதை அவள் தினமும் பார்க்கிறாள். அவர் மனைவி சோற்றைப் பிசைந்து வாயில் ஊட்டுகிறாள், அவர் வெட்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டே விழுங்குகிறார். கீழே இருப்பவர்களுக்கு இது எதுவும் தெரியாது. நாளைக் காலை, முதல் தேதி, அவர்களிடம் இரண்டாம் ஒப்பந்தத்தை நீட்டுவார்கள். வில்பிரட் கையெழுத்துப் போடுவான். அவனுக்கு மேலே வர மனசில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஏன் என்பதும் தெரியும்.

அதனால்தான் அவள் கதை எழுதினாள். அவன் இறங்கிப் போகும்வரை ஒரு வரிகூட எழுதியறியாதவள். கதையில் ஒரு மீனவன், அவன் மனைவி, ஒரு வீடு. அந்த வீட்டில் ஒரு வழக்கம். கடலுக்குக் கிளம்புகிறவனைப் பார்த்து 'போகாதே' என்று வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் சொன்னபடியே ஏதாவது நடந்துவிடும் என்று பயம். ஆகவே மனைவிக்கு மனசு சரியில்லாத நாளில், வாசற்படியில் காப்பி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். அவன் பார்ப்பான், பேசாமல் வலையை உள்ளே வைத்துவிடுவான். இது ஜெசிந்தாவும் வில்பிரட்டும் தங்களுக்குள் வைத்திருந்த வழக்கம். வேறு யாருக்கும் தெரியாது. கதை கீழே போனால், டம்ளரைப் படித்ததும் அவனுக்குப் புரிந்துவிடும். பேனாவை வைத்துவிடுவான்.

அவ்வளவுதான் திட்டம். ஆனால் அது பத்துக்குள் வந்தால்தானே.

"என்ன தங்கச்சி, மூஞ்சி இப்படி இருக்கு? காலையில எதாவது வயித்துக்குப் போட்டியா?"

பதினெட்டாம் இருக்கைக்காரர் நவநீதன் வந்து உட்கார்ந்தார். துப்பறியும் கதை எழுதுகிறவர், ஐம்பது வயது, வாயில் எப்போதும் சீரகம் மென்றுகொண்டிருப்பார். எழுதியதை ஆட்கள் முன்னால் எப்படிக் கொண்டுபோவது என்று அவளுக்கு அரிச்சுவடியிலிருந்து சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

"பசிக்கல அண்ணாச்சி. பன்னெண்டு மணிக்கு வாக்கு முடியுது."

"முடியட்டும். மூணாவது வாசல் வழியாத்தானே நீ இம்புட்டுத் தூரம் வந்த. பயப்படாத."

சட்டம் மூன்று வாசல்களைத் திறந்து வைத்திருந்தது. முதலாவது ஈடு. இரண்டாவது பின்கதை. தன் எழுத்துக்குப் பின்னால் இருக்கும் சொந்த வாழ்க்கையின் ஒரு உண்மையைச் சொல்லலாம். மெய்மானித் தகட்டில் கையை வைத்துச் சொல்ல வேண்டும், பொய்யென்றால் தகடு சிவந்துவிடும். மெய்யென்றால் அது ஊர் முழுக்கப் போகும். மூன்றாவது திருப்பு வாக்கு. அடுத்த அத்தியாயத்தில் என்ன நடக்க வேண்டும் என்று வாசகர்கள் வாக்களிப்பார்கள். அதற்குக் கட்டுப்படுகிற கதை இரண்டு மடங்கு பேரின் திரைக்குப் போகும், கட்டுப்படாவிட்டால் வாசிப்பில் பாதி கழிந்துபோகும்.

இரண்டு மாதத்துக்கு முன் 'கரைவீடு' அறுபத்திரண்டாம் இடத்தில் கிடந்தபோது நவநீதன் சொன்னார், "உண்மையா ஒண்ணு சொல்லு. சின்னதா இருந்தாலும் போதும்." ஜெசிந்தா யோசித்துப் பார்த்தாள். டம்ளரைச் சொன்னாள். எங்கள் வீட்டில் நாங்கள் உண்மையிலேயே இப்படித்தான் செய்வோம் என்று தகட்டில் கைவைத்துச் சொன்னாள். இரண்டே நாளில் பத்தொன்பதாம் இடம். அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, சேவியர் அண்ணன் வீட்டுக்குப் போய்க்கூடச் சொன்னாள்.

பிறகுதான் அது கைவிட்டுப் போனது. ஜனங்களுக்கு அந்த டம்ளர் பிடித்துப்போயிற்று. வாசலில் டம்ளரைக் கவிழ்த்துப் படம் எடுத்துப் போட்டார்கள். டீக்கடைப் பலகையில் கவிழ்த்த டம்ளர், கல்யாணப் பத்திரிகையில் கவிழ்த்த டம்ளர். என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. அழகாக இருந்தது, அவ்வளவுதான். ஜெசிந்தா அதைத் தன் கதையின் வெற்றி என்றே நினைத்தாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள், அவளுக்கு அது இன்னும் தெரியவில்லை.

பத்து மணிக்கு இரண்டாவது ஈடாக அவளுக்கு வந்தது பலகையில் ஆறாம் இடத்தில் இருந்த ஒரு காதல் கதை. பாதியில் நாயகி ஜன்னலில் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். மாடிக்கு வா என்று காதலனுக்கு அதில் அழைப்பு. ஜெசிந்தா அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். விழிமானி குத்தியது. மேலே படித்தாள், ஒன்றும் மனதில் ஏறவில்லை, கடைசிக் கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னாள். அடுத்து எட்டாம் இடத்துக் கதையைத் தானாகக் கேட்டு வாங்கினாள். அதில் ஒரு தாய், பட்டாளத்துக்குப் போகிற மகனுக்குச் சகுனமாக டம்ளரைக் கவிழ்த்து, போய் ஜெயித்து வா என்று அனுப்பினாள்.

பத்தாம் இடத்தில் இருந்தது நவநீதனின் கதை.

"அண்ணாச்சி, உங்க கதையில டம்ளர் வருதா?"

அவர் சீரகம் மெல்வதை நிறுத்தினார். "வருது. கொலகாரன் வுட்டுட்டுப் போற அடையாளம். இப்ப அதுதானே ஓடுது."

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே."

"என்னத்தக் கேக்க? நீதானே தாயி ஊருக்கே எடுத்துக் குடுத்த. அது இப்ப எல்லாருக்கும் சொந்தம்லா."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. வில்பிரட்டிடம் பத்து எழுத்துகள் போகும். நாலில் டம்ளர் இருக்கும். ஒன்று வா என்கிறது, ஒன்று போ என்கிறது, ஒன்றில் கொலை. எதிலும் பெயர் இருக்காது. தன் மனைவி எழுதுவாள் என்றே அறியாத ஒருவன் எதைப் பார்த்து என்ன புரிந்துகொள்வான்?

அதையும் யோசித்து முடிக்க விடாமல் பன்னிரண்டு அடித்தது. வாக்கின் முடிவு அவள் திரையில் வந்து விழுந்தது. கேள்வி: புயல் எச்சரிக்கை நாளில் நாயகன் கடலுக்குப் போக வேண்டுமா? நூற்றுக்கு எழுபத்தொரு பேர் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். காரணமும் எழுதியிருந்தார்கள். வீரம் வேண்டும். விறுவிறுப்பு வேண்டும். எத்தனை தடவைதான் டம்ளரைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருப்பான்?

கடைசி அத்தியாயத்தை நாலு மணிக்குள் ஏற்ற வேண்டும். வாக்கை மீறினால் கதை இருபதுக்குக் கீழே போய்விடும், வில்பிரட் கண்ணில் படவே படாது. கட்டுப்பட்டால் கண்ணில் படும், ஆனால் டம்ளரைத் தாண்டிப் போ என்று அவளே எழுதியதாகிவிடும்.

அவள் எழுந்து நவநீதனைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப் போனாள். இதுவரை யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள். வில்பிரட், கையெழுத்து, சேவியர் அண்ணன், எல்லாவற்றையும்.

"நீங்க ஒங்க கதையத் திரும்ப எடுத்துக்கிட்டா நான் பத்தாவது இடத்துக்கு வந்துருவேன் அண்ணாச்சி. வாக்க மீறாம, நாயகன் கெளம்புறதுக்கு முன்னாலயே எப்படியாவது கதைய முடிச்சிருவேன்."

நவநீதன் தெருப்பக்கம் திரும்பினார். "பதினோரு வருசமா எழுதுதேன். என் பொண்டாட்டி கூட படிக்கிறதில்ல. இன்னிக்குத்தான் மொத மொத பத்துல என் கத நிக்கிது." வாயிலிருந்த சீரகத்தைத் துப்பினார். "எடுக்க மாட்டேன் தங்கச்சி. எடுக்கேன்னு சொல்லிட்டு ஒன்ன ஏமாத்தவும் மாட்டேன். என்னை வையி, தப்பில்ல."

அவளுக்கு வையத் தோன்றவில்லை. அவர் டீ குடிக்கப் போனார். அவள் தன் இருக்கைக்குத் திரும்பினாள்.

மணி ஒன்றரை. திரையில் வெற்றுப் பக்கம். டம்ளர் போயிற்று. இனி வில்பிரட்டுக்கு மட்டும் புரிகிற மாதிரி, ஊர் இன்னும் தொடாத மாதிரி, அவளிடம் என்ன மிச்சம் இருக்கிறது? கேள்வியைக் கேட்ட கணமே பதில் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. ரோஸ்லின், ஐந்து மாதம். காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்த ஒரு விடியலில் ஜெசிந்தா டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். வில்பிரட் அதைப் பார்த்தான். நல்ல மீன் வருகிற பருவம். ஒரு கணம் நின்றான், பிறகு தாண்டிப் போனான். மாலையில் அவன் திரும்பியபோது தொட்டில் சேலையை அவிழ்த்து மடித்து வைத்திருந்தார்கள். குழந்தையோடு ஒரு கொலுசு மண்ணுக்குள் போயிற்று. கழன்று விழுந்திருந்த மற்றதை ஜெசிந்தா சேலை மடிப்புக்குள் வைத்திருந்தது அவர்கள் இருவருக்கும்தான் தெரியும். அதற்குப் பிறகு அவன் கடலுக்குப் போகவில்லை. அவளும் கேட்கவில்லை. இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கடலடி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் முதல் வரிசையில் போய் நின்றான்.

போக வேண்டும் என்றுதானே கேட்டீர்கள், போகட்டும் என்று ஜெசிந்தா நினைத்தாள். போனவன் திரும்பி வந்து எதைப் பார்த்தான் என்று யாரும் வாக்களிக்கவில்லையே.

எழுதினாள். நாயகன் டம்ளரைப் பார்த்தான், தாண்டினான், கடலில் ஜெயித்தான், படகு நிறைய மீனோடு வந்தான். தொட்டில் கட்டியிருந்த கயிறு மட்டும் உத்தரத்தில் தொங்கியது. சேலை மடிக்கப்பட்டிருந்தது. மடிப்புக்குள் ஒற்றைக் கொலுசு இருந்தது. மனைவி அவனை ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு தடவை அந்த டம்ளரைத் தாண்டாதே என்று மட்டும் அவள் மனசுக்குள் சொன்னாள், வாயால் சொல்லத் தெரியாமல். அத்துடன் கதையை முடித்தாள். மூன்று ஐம்பதுக்கு ஏற்றினாள்.

நாலரைக்கும் பதினோராம் இடம். ஐந்துக்கும் அதே. வாக்குக்குக் கட்டுப்பட்டதில் அவள் கதை ஏறியது, மேலே இருந்தவர்களும் கடைசி நேரத்தில் முட்டி மோதி ஏறினார்கள். ஈடு படிக்க இனி நேரமில்லை. ஒரே ஒரு வாசல்தான் பாக்கி.

ஐந்து இருபதுக்கு அவள் மெய்மானி அறைக்குள் போனாள். தகடு குளிர்ந்து கிடந்தது. கையை வைத்தாள்.

"சொல்லுங்கள்" என்றது அறையின் குரல்.

"கதையில வர்ற பிள்ள..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அந்த விடியலில் நடந்தது ஆறு வருடமாகப் பாதிரியாரிடம்கூடச் சொல்லாதது. பெற்ற தாயிடம் சொல்லாதது. "அது என் பிள்ள. அந்தக் கொலுசு எங்கிட்ட இருக்கு. அவ பேரு ரோஸ்லின்."

தகடு வெள்ளையாக ஒளிர்ந்தது.

அவள் வெளியே வந்தபோது கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. எல்லோர் திரையிலும் அது போயிருந்தது. பலகையில் 'கரைவீடு' பத்தாம் இடத்தில் இருந்தது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டுக்கும், பிறகு நாலுக்கும் போயிற்று. நவநீதனின் கதை பதினொன்றுக்கு இறங்கியிருந்தது. அவர் பதினெட்டாம் இருக்கையில் குனிந்து அவளுடைய கடைசி அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தார். விழிமானியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். அப்படிப் படித்தால் ஈட்டில் சேராது. அந்தக் கூடத்தில் யாரும் அப்படிப் படித்து அவள் பார்த்ததில்லை. ஆறு மணி அடித்தது, பலகை நின்றது. ஜெசிந்தாவுக்குச் சந்தோஷமாக இல்லை. பிள்ளையை நடுத்தெருவில் இறக்கி வைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

மூன்றாம் தேதி ஆழிநிறை அலுவலக வாசலில், இரண்டாம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களின் பட்டியலை ஒட்டினார்கள். பெண்கள் முண்டியடித்தார்கள். முந்நூற்று நாற்பது பேரில் நாற்பத்தொரு பெயர்தான் இருந்தது. நிறுவனத்து ஆட்களுக்கே ஒன்றும் விளங்கவில்லை. ஜெசிந்தா மேலிருந்து கீழாக மூன்று தடவை படித்தாள், விழிமானி மாட்டிப் படிப்பது போல ஒரு வரி விடாமல். வில்பிரட்டின் பெயர் இல்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பத்து வாரம் கழித்து அவன் வந்தான். மெலிந்திருந்தான், கண் வெளிச்சத்துக்குக் கூசியது. அவள் முதலில் பார்த்தது அவன் கைகளைத்தான். நடுங்கவில்லை. துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தார்கள். வழியில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க பிள்ளைக்காக நான் மெழுகுவர்த்தி ஏத்துனேன் தம்பி" என்றாள். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கடைப் பலகையில் கவிழ்த்த டம்ளருக்குப் பக்கத்தில் இப்போது ஒற்றைக் கொலுசும் வரைந்திருந்தார்கள்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறந்தான்.

"டம்ளர மூணு கதையில பாத்தேன். என்னமோ புதுப் பழக்கம் போலன்னு நெனச்சேன். கொலுசப் படிச்சதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கீழ அத்தன பேரும் இந்தக் கத தன் தன் வீட்டுலேருந்துதான் வந்திருக்குன்னு சொன்னாங்க. ஆளாளுக்கு எதையோ தாண்டிட்டுத்தான் வந்திருக்காங்க போல. நான் மட்டும் வாயே தொறக்கல."

"கையெழுத்துப் போடல" என்றாள்.

"போடல." அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "என்கிட்ட ஒருநாளும் நீ அதப் பேசுனதில்லயேட்டி. ஊருக்கே சொல்லிருக்க."

"ஒங்ககிட்ட சொல்லத்தான் ஊருக்கே சொன்னேன்."

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கோபமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு மாதம் அப்படியே போயிற்று. சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் மாதிரி இருந்தார்கள். வெளியே போனால் ஜனங்கள் அவர்களிடம் ரோஸ்லினைப் பற்றிப் பேசினார்கள். வீட்டுக்குள் அவர்கள் பேசவில்லை.

ஒருநாள் விடிந்ததும் வில்பிரட் பழைய வலையைத் தோளில் போட்டான். மைத்துனன் படகில் ஒரு இடம் இருக்கிறது என்று முந்தின நாளே சொல்லியிருந்தான். வெளியே காற்று ஒரு மாதிரியாக வீசியது, துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். ஜெசிந்தாவின் கை தானாக டம்ளரை எடுத்தது. படிக்குப் போனாள். எதிர்வீட்டுச் சுவரில், அதற்கடுத்த வீட்டுக் கதவில், தெருமுனைப் பெயர்ப்பலகையில் எல்லாம் கவிழ்த்த டம்ளர் வரைந்திருந்தது. இன்னொன்றை வைத்தால் அவன் கண்ணில் படவா போகிறது? அவளிடம் மறைத்து வைக்க இனி எதுவும் இல்லை. எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தாயிற்று.

டம்ளரை நிமிர்த்தி அடுப்பங்கரைத் திண்டில் வைத்துவிட்டு வந்தாள். அவன் படியில் கால் வைத்திருந்தான்.

"போகாதீங்க" என்றாள்.

அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லாத சொல். வில்பிரட் அப்படியே நின்றான். திரும்பி அவளைப் பார்த்தான்.

"சொல்லிட்ட."

"சொல்லிட்டேன். அன்னிக்கும் இப்படிச் சொல்லிருக்கணும்."

அவன் வலையை இறக்கிச் சுவரோரம் வைத்தான். உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு அவ ரொம்ப அழுதாளா?" என்று கேட்டான்.

ஜெசிந்தா வாசல் கதவைச் சாத்தினாள். அவனுக்கு எதிரே உட்கார்ந்து, அன்றைக்குக் காலையிலிருந்து, ஒன்று விடாமல் சொல்லத் தொடங்கினாள்.